தாய்வீட்டுத் தண்ணீர்

எங்கள் ஆராய்ச்சிக் கேள்வித்தாளை எழுதியவர்களில் ஒருவர்கூடத் தேனி மாவட்டத்தில் பிள்ளை பெற்றவர் இல்லை. போன முதல் வீட்டிலேயே எனக்கு அது தெரிந்துபோயிற்று. ‘கர்ப்ப காலத்தில் வசித்த முகவரி’ என்று ஒரு கேள்வி, எதிரே ஒரே ஒரு முகவரிக்கு இடம். தலைப்பிள்ளை என்றால் வளைகாப்புப் போட்டுத் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போவார்கள், வாந்தி மயக்கம் அதிகமென்றால் அதற்கு முன்னாலேயே போய்விடுவாள், பிள்ளைக்குத் தலை நின்ற பிறகுதான் புருஷன் வீடு திரும்புவாள் என்பதையெல்லாம் கேள்வி எழுதியவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. வயிற்றில் இருந்த பிள்ளைக்கு எந்தத் தண்ணீர் போனது, எந்தக் காற்று போனது என்று கண்டுபிடிக்கத்தான் இத்தனை பாடு. அந்தப் பிள்ளை இருந்த வீட்டை விட்டுவிட்டு, இல்லாத வீட்டில் போய் நாங்கள் தூசி அள்ளிக்கொண்டிருந்தோம்.

நான் வாயை மூடிக்கொண்டு இருப்பவள் இல்லை. மதுரைக்குப் போய் ஆராய்ச்சிக்குப் பொறுப்பான டாக்டரம்மாவிடம் சத்தம் போட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “நீங்க பிரசவத்துக்கு எங்க போனீங்க?” என்று கேட்டார். போடிக்கு, எங்கள் அம்மா வீட்டுக்கு என்றேன். “நானும் அம்மா வீட்டுக்குத்தான் போனேன். எனக்கே தோணலையே” என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சில வாரங்களில் கேள்வித்தாளில் இரண்டாவது முகவரிக்கு இடம் வந்தது. ‘தாய்வீடு’ என்றே அதற்குப் பெயர் போட்டிருந்தார்கள். அந்த ஒரு வரிக்கு நான்தான் காரணம் என்று எனக்குக் கொஞ்ச நாள் தலைக்கனம் இருந்தது.

நான் போடிக்காரி. அப்பா பஜாரில் ஏலக்காய் வியாபாரம் செய்தார். ரத்தம் எடுக்கவும் சோதிக்கவும் படித்துவிட்டு, தேனியில் ஒரு லேபில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து இந்த ஆராய்ச்சிக்கு வந்துசேர்ந்தேன். குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் ஏன் வருகிறது என்பதுதான் எங்கள் கேள்வி. நோய் வந்த பிள்ளையின் வீட்டுக்குப் போவோம். அதே வயதில், அதே பக்கத்தில், நோயில்லாத பிள்ளைகள் சிலரின் வீட்டுக்கும் போவோம். எல்லாரிடமும் ஒரே கேள்விகள். பிறகு குடிக்கிற தண்ணீரில் ஒரு பாட்டில், வீட்டு மூலையில் தூசி, தாய் தகப்பன் பிள்ளை மூவரின் ரத்தம்.

டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரி ஒருமுறை சொன்னார். கருவில் ரத்தம் ஊறத் தொடங்கும்போதே ஏதோ ஓர் அணுவில் ஒரு பிசகு விழலாம். அது பல பிள்ளைகளுக்கு விழுகிறது, பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. பிறந்த பிறகு இரண்டாவதாக ஒரு பிசகு விழுந்தால்தான் நோய். அந்த இரண்டையும் விழவைப்பது பூச்சிமருந்தா, புகையா, ஏதாவது கிருமியா, பெற்றவர்களிடமிருந்து வந்த ஏதோ பலவீனமா, அல்லது ஒன்றுமே இல்லாமல் தானாக நடந்த தவறா என்பது தெரியாது. நிறையப் பிள்ளைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஏதாவது கோடு தெரியலாம். ஒரு பிள்ளையை மட்டும் வைத்துக்கொண்டு இதனால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இதை நான் எத்தனையோ வீட்டில் திருப்பிச் சொல்லியிருக்கிறேன். கேட்டுக்கொள்வார்கள். முடித்ததும், “சரி, எதனால வந்துச்சு?” என்பார்கள்.

நோய் வந்த வீட்டில் கதவு உடனே திறக்கும். நோயில்லாத வீட்டில்தான் பெரும்பாடு. பொட்டிப்புரம் பக்கம் போனபோது, மலைக்குள் ஏதோ தோண்டப்போகிறவர்களின் ஆள் என்று நினைத்து ஒரு தெருவே என்னைச் சுற்றிக்கொண்டது. அது இல்லை என்று விளக்கி முடிப்பதற்குள் தொண்டை வறண்டுவிட்டது. மார்க்கையன்கோட்டையில் ஒரு தாய், எதற்காக அவள் பிள்ளையைத் தேர்ந்தெடுத்தோம் என்று பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சீக்குப் பிள்ளைக்கு ஜோடியா எம்பிள்ளைய எழுதப் போறீகளா?” என்றாள். ஜோடி இல்லை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு என்றேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனவள் நான் தெருமுனை தாண்டும்வரை வெளியே வரவில்லை. எனக்கு அவள்மேல் எரிச்சல் வந்தது. என் மகன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது யாராவது வந்து இப்படிக் கேட்டிருந்தால் நான் விளக்குமாற்றை எடுத்திருப்பேன் என்பதும் தெரிந்தது.

வீட்டில் என் தொந்தரவு அதிகமாகிப்போனது. என் வீட்டுக்காரர் ஆசையாகப் பன்னீர் திராட்சை வாங்கிவந்தால், உப்புத் தண்ணீரில் போட்டு, அலசி, மறுபடியும் போட்டு வைப்பேன். “நீ அலசி முடிக்கிறதுக்குள்ள அது வத்தலாயிரும்” என்பார். நான் சிரிக்க மாட்டேன். பனிக்காலத்தில் திராட்சைப் பந்தலுக்கு எத்தனை தடவை மருந்து அடிக்கிறார்கள் என்று கேட்டு எழுதுகிற கை என்னுடையது. அடிக்கிறவர்களும் சந்தோஷத்துக்காக அடிப்பதில்லை. இலையில் பூஞ்சை விழுந்தால் அந்தப் போகமே போயிற்று.

தேனி பஜாரில் பாத்திரக் கடை வைத்திருந்த அந்தக் குடும்பத்துக்குப் போனது அப்படியொரு பனிக்காலத்தில்தான். கடைக்கு மேலேயே வீடு. பிள்ளைக்கு நாலு வயது, பெண் குழந்தை, அவர்களுக்குத் தலைப்பிள்ளை. வைத்தியத்தில் முடியெல்லாம் கொட்டி, தலையில் மஞ்சள் நூல் குல்லாய் போட்டுக்கொண்டு தரையில் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தது. தகப்பன் கடையில் இருந்தார். தாய்க்கு முப்பது வயதுகூட இருக்காது. அவளுக்கும் எனக்கும் நடுவில் மாமியார் வந்து உட்கார்ந்துகொண்டார். கனத்த உடம்பு, கனத்த குரல். நான் மருமகளைப் பார்த்துக் கேட்டால் பதில் அவரிடமிருந்து வந்தது.

“கல்யாணம் சொந்தத்துலயா, அசல்லயா?”

“சொந்தந்தான். இவ எங்கூடப் பொறந்த அண்ணன் மக. நான்தான் எம்மகனுக்குக் கட்டிவச்சேன்” என்றார் மாமியார்.

“அவங்களே சொல்லட்டும்மா.”

“அவ என்னத்தச் சொல்லப் போறா. ஒரே ரத்தத்துல கட்டுனா இப்படித்தான் வரும்னு டிவில சொன்னாக. ரத்தந்தான் காரணம். அதைத் தெளிவா எழுதிக்கங்க.”

சொந்தத்தில் கட்டியவர்களின் பிள்ளைகளுக்கெல்லாம் இந்த நோய் வருவதில்லை, அசலில் கட்டியவர்கள் வீட்டிலும் வருகிறது, இன்னும் தெரியாததால்தான் கேட்கிறோம் என்றேன். அவர் காதில் ஏறவில்லை. “எழுதிக்கங்க” என்றார் மறுபடியும். மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். மருமகளின் தலையில் பழியைப் போடத் துடிக்கிற மாமியார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சொந்த அண்ணன் மகளையே இப்படிப் படுத்துகிறாரே என்று எனக்கு உள்ளுக்குள் கொதித்தது.

அடுத்தது என் கேள்வி. “பிரசவத்துக்குத் தாய்வீடு எந்த ஊர்?”

“தாய்வீட்டுக்குப் போகல. இங்கனயே வச்சுப் பாத்துக்கிட்டோம்” என்றார் மாமியார்.

என் பேனா நின்றுவிட்டது. தலைப்பிள்ளைப் பிரசவத்துக்குப் பெண்ணைக் கூட்டிப்போகாத வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது. கூட்டிப்போக முடியாத அளவு நொடித்துப்போன குடும்பமாக இருந்தாலும் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கியாவது கூட்டிப்போவார்கள். போகவில்லை என்று வெளியே சொல்வது பெண்ணைப் பெற்றவனுக்குப் பெரிய அவமானம். அண்ணனுக்கு அந்த அவமானத்தைத் தங்கையே தன் வாயால் தேடிக்கொடுக்கிறார். மருமகளைப் பார்த்தேன். “இங்கனதான் இருந்தேன்” என்றாள் அவளும், என்னைப் பார்க்காமல்.

எழுதிக்கொண்டு மேலே போனேன். சாப்பாட்டைப் பற்றிய கேள்விகள் வந்தன. மசக்கையில் எதன்மேல் ஆசை வந்தது என்று ஒரு கேள்வி. அதுவரைக்கும் கல்லாக இருந்தவள் முகத்தில் முதல்முறையாக ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. “புளிப்புத்தான்க்கா. திராட்சைப் பிஞ்ச அப்படியே கொடியில இருந்து பறிச்சு…” என்றவள் நிறுத்திவிட்டாள். மாமியார் அவளைப் பார்த்தார். கீழே கடையில் யாரோ அண்டாவை உருட்டுகிற சத்தம் கேட்டது. தேனி பஜாரில் எந்த மாடியில் திராட்சைக் கொடி படர்கிறது என்று நான் கேட்கவில்லை.

தப்பான வீடு என்று தெரிந்துகொண்டே அந்த வீட்டில் தூசி எடுத்தேன். குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்தேன். பிள்ளை என் பின்னாலேயே வந்தது.

“எங்க வீட்டுக் குப்பைய எங்க கொண்டுபோறீக?”

“மதுரைக்கு.”

“நானும் மதுரைக்குத்தான் போவேன். அங்கன முதுகுல ஊசி போடுவாக” என்றது. தூசிக்கும் அப்படித்தான் போடுவார்களா என்று கேட்டது. போடமாட்டார்கள் என்றேன்.

டாக்டரம்மாவிடம் போனில் சொன்னேன். தாய்வீட்டுக்குப் போயிருக்கிறாள், மறைக்கிறார்கள், மாமியார் முழுப் பழியையும் மருமகளின் ரத்தத்தில் போடப் பார்க்கிறார் என்று படபடவெனப் பொரிந்தேன். “தனியா இருக்கும்போது இன்னொரு தடவை கேட்டுப் பாருங்க. வற்புறுத்தாதீங்க” என்றார். வற்புறுத்தாமல் எப்படிக் கேட்பது என்று அவர் சொல்லவில்லை.

நான் கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. சில நாள் கழித்து மதுரை பஸ்ஸில் அவளைப் பார்த்தேன். பிள்ளையை வைத்தியத்துக்குக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தாள். குல்லாயும் முகக்கவசமும் போட்டு மடியில் படுக்க வைத்திருந்தாள். என்னைக் கண்டதும் பையை எடுத்து இடம் விட்டாள். ஆண்டிபட்டி தாண்டிக் கணவாயில் பஸ் திரும்பும்போது பிள்ளை தூங்கிவிட்டது.

“அக்கா, அன்னைக்கி நான் திராட்சைன்னு சொன்னேன்ல. அதை எழுதிட்டீகளா?”

“எழுதியிருக்கேன்.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தூங்குகிற பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு பேசத் தொடங்கினாள்.

“மூணாம் மாசத்துலயே போயிட்டேன்க்கா. தண்ணி குடிச்சாக்கூட வாந்தி. எங்கப்பாதான் வந்து கூட்டிட்டுப் போனாரு. கம்பத்துல இருந்து சுருளி போற ரோட்டுல எங்க தோட்டம். அம்மா இல்ல, அப்பா மட்டுந்தான். பாப்பாவுக்கு ஆறு மாசம் முடிஞ்சுதான் தேனிக்கு வந்தேன். வாசல்ல இருந்தே பந்தல்தான். மருந்து கலக்குறதும் குடிக்க மோக்குறதும் ஒரே தொட்டிதான். அடிக்கிற அன்னைக்கி அப்பா, ‘உள்ள போயி கதவச் சாத்திக்க ஆத்தா’ம்பாரு. சாத்திக்கிட்டுத்தான் கெடந்தேன். ஓட்டு வீட்ட எவ்வளவு சாத்துறது?”

“அதை ஏன் மறைக்கணும்? தெரியாமத்தான செஞ்சார். ஊரெல்லாம் அப்படித்தான இருக்காங்க.”

“ஊருக்குத் தெரியும். எங்கப்பாவுக்குத் தெரியக் கூடாது.” குரலைத் தணித்துக்கொண்டாள். “எங்கம்மா போனப்பறம் நான்தான் அவருக்கு எல்லாம். பாப்பான்னா உசுரு. அவரு அடிச்ச மருந்தாலதான் பாப்பாவுக்கு இப்படி ஆச்சுன்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தாப் போதும், அதையே குடிச்சிருவாருக்கா. நம்ம பக்கத்துல எத்தனை பேரு அப்படிப் போயிருக்காகன்னு உங்களுக்குத் தெரியாதா?”

தெரியும். தேனியில் லேபில் இருந்தபோது அப்படி வந்தவர்களின் ரத்தத்தை நானே சோதித்திருக்கிறேன்.

“உங்க அத்தை உங்க மேல பழி போடுறாங்களே. அதையும் தாங்கிக்கிட்டு…”

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். “அத்தைதான்க்கா எனக்கு யோசனை சொன்னாக. கூடப்பொறந்த அண்ணன்ல. ‘ரத்தம்னே சொல்லுவோம். அந்த ரத்தம் எனக்கும் இருக்குல்ல, ரெண்டு பேருமாச் சொமப்போம். எங்கண்ணன் தலையில மட்டும் அது விழுந்துறக் கூடாது’ன்னாக. யாராவது கேட்டா, எல்லாருக்கும் முந்தி அவுகதான் சொல்லுவாக.”

அந்தக் கனத்த குரலையும், ‘எழுதிக்கங்க’ என்ற அதட்டலையும் நினைத்துப் பார்த்தேன். ஊரில் உள்ள மாமியார்களையெல்லாம் எடைபோடத் தெரிந்தவள் என்ற நினைப்பு எனக்கு. அந்த அம்மாள் தன் அண்ணனைக் காப்பாற்றத் தன் பிறந்த வீட்டு மானத்தையும் தன் ரத்தத்தையும் சேர்த்து என்முன் வைத்திருக்கிறார். நான் அதை மாமியார்க் கொடுமை என்று எண்ணிக்கொண்டு எழுந்து வந்திருக்கிறேன்.

எங்கள் ஆராய்ச்சியில் பெயர் வெளியே வராது, எண் மட்டும்தான் என்று அவளுக்கு எடுத்துச் சொன்னேன். மருந்தால்தான் வந்தது என்று யாரும் முடிவு கட்டப் போவதில்லை என்றும் சொன்னேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“நெசத்த எழுதுனா, தண்ணி எடுக்க எங்கப்பா தோட்டத்துக்குப் போவீகளா?”

“போகணும். தண்ணி, தூசி ரெண்டும் அங்கதான் எடுக்கணும்.”

“அப்ப எழுதாதீக.”

உசிலம்பட்டி வந்தது, இறங்குகிறவர்கள் இறங்கினார்கள். பஸ் கிளம்பிய பிறகு, “நான் பொய் சொன்னா உங்க ஆராய்ச்சி கெட்டுப்போகுமாக்கா? வேற பிள்ளைகளுக்கு உதவாமப் போயிருமா?” என்றாள். மடியில் நோயாளிப் பிள்ளையை வைத்துக்கொண்டு ஊரான் பிள்ளைகளுக்காக யோசிக்கிறாளே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வீட்டால் ஒன்றும் கெட்டுவிடாது என்றேன். அது முழு உண்மை இல்லை.

டாக்டரம்மா நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு அந்தக் குடும்பத்தை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். தப்பான பதிலைவிடப் பதில் இல்லாததே மேல், சம்மதம் இல்லாமல் தோட்டத்துக்குள் காலெடுத்து வைக்கவும் நமக்கு உரிமை இல்லை என்றார். நியாயம்தான். தேனி வீட்டுத் தூசியையும் தண்ணீரையும் தூக்கிப்போட்டோம். ஆனால் எனக்கு ஆறவில்லை. எந்த வீட்டில் சந்தேகம் ஆழமாக இறங்கியிருக்கிறதோ அந்த வீடுதான் வாயை இறுக மூடிக்கொள்கிறது. வாய் திறக்கிற வீடுகளை மட்டும் வைத்துக்கொண்டு நாங்கள் நாளைக்கு ஏதோ ஒன்றை எழுதப்போகிறோம். அதைப் படித்துவிட்டு, திராட்சைக்கும் நோய்க்கும் பெரிய சம்பந்தம் தெரியவில்லை என்று யாராவது பேசுவார்கள். டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னேன். “எனக்கும் தெரியும்” என்றார்.

சுருளி ரோட்டுக்கு நான் போகவே கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் கம்பத்தில் வேறொரு பிள்ளைக்கு நோய். அந்தப் பிள்ளையோடு ஒப்பிடுவதற்கு எடுத்த குழந்தைகளில் இரண்டு பேரின் வீடு, அதே ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு மண்பாதையில் இருந்தது. நடுவில் இருந்த தோட்டம்தான் அவளுடைய அப்பாவுடையது. அவள் பஸ்ஸில் சொன்ன ஓட்டு வீடு, வாசலிலிருந்தே பந்தல், தொட்டி எல்லாம் அப்படியே இருந்தன. மேல் வீட்டில் வேலையை முடித்து, மாதிரிகளை வைக்கிற பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் என்னோடு வந்த பெண்ணும் கீழ் வீட்டுக்கு நடந்தோம். அந்தத் தோட்டத்துக் கேட்டில் ஒரு மனிதர் நின்றார். அகலமான நெற்றி, மகளுக்கும் அதே நெற்றிதான். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, யாரையோ வரவேற்பதற்கு நிற்கிறவர் போல நின்றார். நான் அவரைப் பார்த்தேன். உடனே குனிந்து பெட்டியின் பூட்டைச் சரிபார்ப்பது போல் செய்துகொண்டே தாண்டிப் போனேன்.

அந்த வருஷ மழைக்காலத்தில் பிள்ளை இறந்துபோயிற்று. இந்த நோய் இப்போது பெரும்பாலான பிள்ளைகளுக்குக் குணமாகிறது. டாக்டர்கள் சொல்வது பொய்யில்லை, முடி வளர்ந்து பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். இந்தப் பிள்ளைக்கும் நோய் அடங்கித்தான் வந்தது. இடையில் ஒரு காய்ச்சல் வந்தது, உடம்பில் எதிர்த்து நிற்க அணுக்கள் இல்லை. மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தும் பிழைக்கவில்லை. டாக்டரம்மா போன் செய்து சொன்னபோது நான் வடுகபட்டியில் ஒரு வீட்டு வாசலில் நின்றேன். அந்த வீட்டுக் கேள்விகளைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

துட்டி கேட்க மறுநாள் தேனிக்குப் போனேன். மாமியார் என்னைக் கண்டதும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அந்தக் கையை விடுவித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. மருமகள் சுவரில் சாய்ந்து, எங்கேயோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுக் கீழே இறங்கினேன். கடை ஷட்டர் இறக்கியிருந்தது. அதன் முன்னால், கடைசிப் படியில், அந்த அகல நெற்றிக்காரர் உட்கார்ந்திருந்தார்.

“தாயி, தண்ணி எடுக்குறவுக நீங்கதான?”

“ஆமாங்கய்யா.”

“கொஞ்சம் உக்காருங்க.”

உட்கார்ந்தேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“எங்க பாதையில மேல வீட்டுல எடுத்தீக. கீழ வீட்டுல எடுத்தீக. நடுவுல இருந்த எனக்கு வரல.”

அது வேறொரு பிள்ளைக்காக எடுத்தது என்று ஆரம்பித்தேன். அவர் கையை லேசாக உயர்த்தினார்.

“தண்ணி எடுக்குறாகன்னு கேள்விப்பட்டதும் சொம்பு வெளக்கி மோந்து வச்சேன். இந்தா வருவாக, இந்தா வருவாகன்னு கேட்டுலயே நின்னேன். நோய் வந்த பிள்ளைய எம்மக சொமந்தது எந்தோட்டத்துல. எல்லா வீட்டுக்கும் முந்தி எங்கிட்டத்தான வரணும்? நீங்க என்னைய ஏறிட்டுப் பாத்தீக. பாத்துட்டுக் குனிஞ்சுக்கிட்டீக. அப்பவே வெளங்கிப்போச்சு.”

“என்ன வெளங்குச்சு?”

“எம்மக உங்களை வர வேணாம்னு சொல்லியிருக்கா. எதுக்குச் சொல்லுவா? அப்பன்தான்னு அவ மனசுல விழுந்துருச்சு. அதான்.”

நான் பேசினேன். தெரிந்ததையெல்லாம் சொன்னேன். கருவில் விழுகிற பிசகு, இரண்டாவது பிசகு, ஒரு பிள்ளையை மட்டும் வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது என்பது எல்லாவற்றையும் சொன்னேன். அந்தத் தொட்டித் தண்ணீரை எடுத்துச் சோதித்திருந்தாலும் இதனால்தான் என்று சொல்லியிருக்க மாட்டோம் என்றேன். சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும். உங்களுக்குத் தெரியல. அவளுக்குத் தெரிஞ்சுபோச்சே தாயி.”

அவளுக்கும் தெரியாது, பயம்தான் என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். சுற்றி வளைக்கத் தெரியாமல் நேராகவே கேட்டுவிட்டேன். “ஐயா, மருந்து வைக்கிற ரூம் சாவி யார்கிட்ட இருக்கு?”

அவர் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். ஏன் கேட்கிறேன் என்பது அவருக்குப் புரிந்தது.

“இதுக்குத்தான அவளும் எந்தங்கச்சியும் இத்தனை நாளா மருகுறாக” என்றார். “அப்படி ஒண்ணும் செஞ்சுற மாட்டேன். பிள்ள போன சேதி வந்ததுமே அந்த நெனப்பு வந்துச்சு, இல்லேங்கல. ஆனா நான் போயிட்டா, அப்பன் குத்தம் பொறுக்காமத்தான் போனாரு, அப்ப நெசந்தான்னு அவளுக்கு முடிவாப் போயிரும். பிள்ளையக் கொன்னவன் அப்பன்னு வச்சுக்கிட்டு அவ எப்படிப் பொழைப்பா? நான் ஒண்ணுந் தெரியாதவனா இருந்துதான் ஆகணும். அவ என்னையக் காப்பாத்திட்டதா நெனச்சுக்கிட்டே இருக்கட்டும்.”

மேலேயிருந்து மகளின் குரல் கேட்டது. “அப்பா, சாப்பிட வாங்க.” பக்கத்து வீட்டிலிருந்து சோறு வந்திருந்தது. அவள் காலையிலிருந்து ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை என்று மாமியார் என்னிடம் சொல்லியிருந்தார்.

அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தார். “இதெல்லாம் நான் பேசுனதா அவகிட்டச் சொல்லிறாதீக தாயி” என்றார். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, “இந்தா வந்துட்டேன் ஆத்தா, நீயும் உக்காரு” என்று சொல்லியபடி படியேறிப் போனார்.